குளத்துச் சட்டமும் ஆற்று மீனும்

திருச்சி மாவட்டத்தின் தென்மேற்கே மணப்பாறை, மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கத்துக் குளங்களில் பங்குனி பிறந்ததும் தண்ணீர் முழங்கால் மட்டத்துக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு வைகாசி முடிவதற்குள் ஏதோ ஒரு விடியற்காலையில் அங்கே மீன்பிடித் திருவிழா நடக்கும். எல்லை தாண்டினால் புதுக்கோட்டை மாவட்டத்தின் பொன்னமராவதி, இலுப்பூர், விராலிமலைப் பக்கத்திலும், இன்னும் தெற்கே நத்தம், மேலூர், சிங்கம்புணரி வட்டாரங்களிலும் இதே வழக்கம்தான். கோடை வந்தால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் சேற்றில் நிற்கும் கூட்டத்தின் படம் ஒன்று தவறாமல் வரும். நாம் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே ஓடும் காவிரியின் மீனைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அதை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நாள் குறிப்பது ஊர்ப் பெரியவர்கள். முன்பெல்லாம் தண்டோரா போட்டுச் சுற்றுவட்டாரத்துக்குச் சொன்னார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் செய்தி போய்விடுகிறது. முந்தின இரவே சரக்கு ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். தண்ணீரில் மீன் புரளுவது கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் யாரும் கால் வைக்கமாட்டார்கள். ஊர்த் தெய்வத்தைக் கும்பிட்டு முடித்து, கரையில் நிற்கும் பெரியவர் வெள்ளைத் துண்டை வீச வேண்டும். வீசிய கணத்தில் குளத்தின் நான்கு பக்கமிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். எந்தச் சாதி, எந்த ஊர் என்று அந்தக் கரையில் யாரும் கேட்பதில்லை. பல ஊர்களில் இதைச் சமத்துவ மீன்பிடித் திருவிழா என்றே சொல்கிறார்கள்.

கையில் இருப்பது பெரும்பாலும் ஊத்தா. மூங்கில் சிம்புகளைக் கூராகச் சீவி வட்டமாகக் கோத்துக் கட்டிய கூடு. அடி அகலம், மேல்வாய் குறுகல், இரண்டு பக்கமும் திறப்பு. குனிந்தபடியே சேற்றில் அதைக் குத்தி அமுக்குவார்கள். உள்ளே மீன் அகப்பட்டிருந்தால் அது சிம்பில் மோதுவது உள்ளங்கையில் தெரியும். உடனே மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். விரால் என்றால் தலையோடு சேர்த்துச் சேற்றில் அழுத்தினால்தான் பிடி கிடைக்கும், இல்லாவிட்டால் வழுக்கிவிடும். கெளுத்தி என்றால் முள்ளுக்கு அஞ்சிக் கை நிதானமாகப் போகும். அது குத்திவிட்டால் கடுப்பு பொழுது சாயும் வரை அடங்காது. ஊத்தா இல்லாதவர்கள் கச்சா, தூரி, கொசுவலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு வருகிறார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் குளம் கலங்கி முடிந்துவிடும். ஐந்து கிலோ கட்லாவோடு கரையேறுகிறவரும் உண்டு, வெறுங்கையோடு ஏறுகிறவரும் உண்டு.

கிடைத்ததை விற்பதில்லை என்பது வழக்கம். வீட்டில் குழம்பு வைத்துச் சாமிக்குப் படைத்துச் சாப்பிடுகிறார்கள், உறவுக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். அன்று அந்த வட்டாரத்தில் மீன் குழம்பு கொதிக்காத வீட்டைப் பார்ப்பது அரிது. மீனைப் பிடித்து எல்லாருமாகச் சாப்பிட்டால் அடுத்த பருவம் மழை பெய்து குளம் நிறையும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை விளக்கவோ மறுக்கவோ எனக்கு அவசியம் தோன்றவில்லை. அதைச் சுற்றி ஊர் கட்டியிருக்கும் ஒழுங்குதான் என் அக்கறை.

அந்த ஒழுங்கின் முதல் அங்கம் காத்திருப்பு. திருவிழா ஒரு நாள்தான். குளம் நிறைந்த நாளிலிருந்து துண்டு வீசும் நாள்வரை மீன் ஊருடையது, ஆகவே தனியாள் எவரும் அதைத் தொடக்கூடாது. அடுத்தது கருவி. ஊத்தாவின் சிம்புகளுக்கு இடையே இருக்கும் சந்து வழியாகப் பொடி மீன் தப்பிப் போகும். ஒரு குத்துக்கு ஒரு மீன், மிஞ்சினால் இரண்டு. எத்தனை ஆயிரம் பேர் இறங்கினாலும் கையின் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்தத் தண்ணீரின் விதி. அது இன்னும் சில வாரத்தில் வற்றிவிடும். பிடிக்காவிட்டால் அந்த மீன் கொக்குக்கும் வெயிலுக்கும்தான். சேற்றுக்குள் தாக்குப் பிடிக்கும் விராலும் குரவையும் தேளியும் அடுத்த மழைக்குக் கொஞ்சம் மிஞ்சும். மற்றவை வாய்க்கால் வழியாக வரும் புதுத்தண்ணீரோடு மேலிருக்கும் குளங்களிலிருந்து வந்து சேரும், அல்லது ஊரார் வாங்கி விடும் குஞ்சாக வரும். ஆக, கோடைக் குளத்தில் மீன் பிடிப்பது வருங்காலத்தின் விதையில் கை வைப்பது ஆகாது. அறுவடை என்ற சொல் இதற்குச் சரியாகப் பொருந்தும்.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. குளத்து மீனை மீன்பாசி ஏலத்துக்கு விடுவது நெடுநாள் நடைமுறை. ஏலம் எடுத்தவர் பெருவலை போட்டு மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார், பணம் ஊராட்சிக்கோ ஊர்ப் பொதுவுக்கோ சேரும். சில ஊர்கள் அந்தப் பணத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு மீனை எல்லாருக்குமாக வைத்திருக்கின்றன. சில ஊர்களில் ஏலதாரர் அள்ளியது போக மிச்சத்துக்குத்தான் துண்டு வீசப்படுகிறது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் வரும் பாசிப்பாட்டம் என்ற வருவாய் இனம் நீர்நிலையின் மீனுக்கு விதித்ததுதான். ஏரி மீனில் வந்த வருமானத்தைக் கொண்டு அதே ஏரியைத் தூர்வாரிக் கரையை உயர்த்திய ஏற்பாடுகளும் கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கின்றன. மீனின் பணம் அது வாழ்ந்த தண்ணீருக்கே திரும்பிப் போக வேண்டும் என்று நம் ஊர்ச்சபைகள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே யோசித்திருக்கின்றன. இன்று ஏலப் பணம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்டுப் பார்க்கலாம்.

குளத்தில் அகப்படும் மீனும் முன்பிருந்த மீன் இல்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஊசி வழியாகச் சுரப்புநீரைச் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதன் பிறகு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் நாடு முழுக்கக் கிடைத்தன. நம் குளங்களிலும் அவையே நிறைந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1952இல், இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்த திலேப்பியா ஜிலேபி என்ற பெயரில் தமிழகத்தின் ஒவ்வொரு குட்டையிலும் குடியேறிவிட்டது. திருவிழாவில் பெரிய கட்லாவைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்துக்கொள்பவர் பிடித்திருப்பது வடக்கத்தி ஆற்று மீன். குளத்தைப் பொறுத்தவரை எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. அங்கே ஏழை வீட்டுக்கு ஒரு வேளைப் புரதம் கிடைக்கிறது. ஆற்றுக்கு வரும்போதுதான் இது வேறு கதையாகிறது.

ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றி ஓடும் இரண்டு ஆறுகளுக்கும் இப்படித் துண்டு வீச ஓர் ஊர் கிடையாது. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கல்லணைப் பக்கத்தில் மறுபடி நெருங்கி வந்து, சேராமல் விலகிப் போகின்றன. நடுவில் இருக்கும் நிலத்தில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும், தெற்கே சொன்னதல்லாத இன்னொரு மேலூரும். தென்கரையில் உறையூரும் மாநகராட்சியும். இந்தத் தண்ணீரின் மேல் நீர்வளத் துறைக்கு ஓர் அதிகாரம், மீன்வளத் துறைக்கு ஓர் அதிகாரம், கனிமவளத் துறைக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று. மீனுக்கு மட்டும் தனக்காகக் கரையில் நிற்கும் பெரியவர் இல்லை.

காவிரிக்கென்றே உரிய மீன்கள் பல உண்டு. சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த ஜெர்டன் 1849இல் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதியபோது கருமுழிக் கெண்டையை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தார். காவிரியும் அதன் கிளையாறுகளும்தான் அதன் பிறந்த வீடு. அதே கட்டுரையில்தான் காவிரிப் படுகையின் இன்னொரு பெருங்கெண்டை கர்நாடகப் பெயரோடு பதிவானது. இவற்றோடு வெண்கெண்டை, சேல், வாளை, பாறைக்கும் வேருக்கும் இடையே ஒளியும் ஆரல், கடலுக்குப் போய் முட்டையிடும் விலாங்கு, மணலுக்குள் புதைந்து கிடக்கும் விரல் நீள அயிரை. மேல்காவிரியின் திமில் கொண்ட பொம்மீனைப் பற்றி இன்னும் கவலையோடு சொல்ல வேண்டும். தூண்டில்காரர்கள் நூற்றைம்பது ஆண்டாகக் கொண்டாடிய அந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர் எது என்பதே 2018இல்தான் தெளிவானது. தெளிவான கையோடு மிக அருகிய இனங்களின் பட்டியலில் அது சேர்ந்தது. பெயர் தெரிவதற்குள் ஓர் உயிர் முடிந்துபோகக்கூடும் என்பதற்கு நம் ஆற்றிலேயே சாட்சி இருக்கிறது.

மீனின் பாதையில் முதலில் விழுந்தது கல். கல்லணையைப் பற்றிச் சொல்லவில்லை. அது வெள்ளம் மேலேறிப் போகும்படி தாழ்வாகக் கட்டப்பட்ட அணை. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்ந்துகொண்டே போய்த் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டதால் 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். தஞ்சை வயல்கள் பிழைத்தன. கடலிலிருந்து கொள்ளிடம் வழியாக முட்டையிட ஏறி வரும் உல்லம் மீனுக்குக் கதவு அடைபட்டது. வங்காளிகள் உயிரை விடும் ஹில்சாதான் இந்த உல்லம். 1870களின் தொடக்கத்தில் நாடு முழுக்க நன்னீர் மீன்வளத்தை ஆய்ந்த பிரான்சிஸ் டே, அணைக்கட்டுகள் மீனின் ஏற்றத்தைத் தடுப்பதையும் சின்னக் கண் வலைகளும் நஞ்சும் குஞ்சுகளை அழிப்பதையும் அரசுக்கு எழுதினார். அந்தக் கவலையின் நீட்சியாக வந்ததுதான் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். தண்ணீரில் வெடி போடுவதும் நஞ்சு கலப்பதும் அன்றிலிருந்தே குற்றம். 1907இல் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியால் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை உருவானது; 1909இல் வில்சன் என்ற அலுவலர் கொள்ளிடத்தில் உல்லம் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க வைக்க முயன்றார். இந்தியாவில் அந்த மீனுக்கு நடந்த முதல் முயற்சி அது. நம் ஆற்றில், நம் கொள்ளிடத்தில் நடந்தது. இன்று திருச்சிக்காரர்களில் எத்தனை பேருக்கு உல்லம் என்ற பெயராவது தெரியும்?

1934இல் மேட்டூர் அணை முடிந்தது. அதோடு ஆற்றின் பருவம் மழையின் கையிலிருந்து ஷட்டரின் கைக்கு மாறியது. வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூட வேண்டும். நடப்பது வேறு. 2017இல் அக்டோபர் 2 அன்றுதான் திறந்தார்கள். 2018இல் ஜூலை 19. 2022இல் முன்கூட்டியே மே 24. 2024இல் ஜூலை 28. உழவருக்கு இது குறுவையா, நேரே சம்பாவா என்ற கேள்வி. நாளிதழ்கள் அதை எழுதுகின்றன, எழுதத்தான் வேண்டும். மீனுக்கு இது கருத்தரிக்கும் காலம் பற்றிய கேள்வி. ஆற்றுக் கெண்டைகள் புதுவெள்ளத்தின் வாசனைக்கும் வேகத்துக்கும் காத்திருப்பவை. கலங்கல் நீர் வந்ததும் எதிர்த்து ஏறி, ஓரத்து ஆழமற்ற இடங்களில் முட்டையைப் பீய்ச்சிவிடும். ஒரு நாள் பொழுதுக்குள் அவை பொரிந்துவிடும். அந்த நாட்களில் நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் முட்டையும் குஞ்சும் கரையில் காயும். ஏறும் வழியில் மாயனூர் கதவணை, கம்பரசம்பேட்டைத் தடுப்பணை, முக்கொம்பு என்று அடுக்கடுக்காகத் தடைகள். குடிநீருக்கும் பாசனத்துக்கும் இவை தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொன்றையும் கட்டும்போது மீனுக்கு ஒரு படி வைக்க வேண்டும் என்று கேட்பதற்கு ஆள் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. அதற்குப் பதிலாக 387 கோடி ரூபாயில் புதுக் கதவணை எழுந்தது. அப்போது நடந்த பேச்சு முழுக்க எவ்வளவு கன அடி தாங்கும் என்பதைப் பற்றியே இருந்தது.

ஜனவரிக் கடைசியில் மேட்டூர் மூடியதும் திருச்சியில் ஆறு மெல்லச் சுருங்கும். மாசி, பங்குனியில் அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து பார்த்தால் மணல்தான் அதிகம் தெரியும். அந்த மணலுக்கு நடுவே அங்கங்கே தண்ணீர் நிற்கும் பள்ளங்கள் இருக்கின்றன. பாலத்தூண்களின் அடியில், தடுப்பணைக்குக் கீழே, வளைவுகளில் ஆற்றின் ஓட்டம் குடைந்து வைத்த மடுக்கள் அவை. மணல் அள்ளியதால் உண்டான பள்ளமும் தண்ணீர் நின்றால் மடு மாதிரித்தான் இருக்கும்; ஆனால் அடிமணல் போனால் அயிரைக்கும் ஆரலுக்கும் ஒதுங்க இடம் இல்லாமல் போகிறது. உய்யக்கொண்டானும் குடமுருட்டியும் நகரத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் கழிவு இந்தப் பள்ளங்களில்தான் தேங்கி நிற்கும். கோடை முழுக்க ஆற்று மீன்களின் மொத்தக் குடும்பமும் இந்தச் சில மடுக்களில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. ஜூன் மாதம் தண்ணீர் வரும்போது மேலும் கீழும் பரவி ஆற்றை மறுபடி நிரப்பப்போவது இந்த மிச்சம்தான்.

இந்த இடத்தில்தான் குளமும் ஆறும் பிரிகின்றன. கோடைக் குளத்தில் எஞ்சிய மீனைப் பிடித்தால் அது முறையான அறுவடை. கோடை ஆற்றின் மடுவில் எஞ்சிய மீனைப் பிடித்தால் விதைநெல்லைக் குத்திச் சமைத்தது போல. இரண்டும் ஒரே மாதத்தில், ஒரே மாவட்டத்தில், ஒரே ஊத்தாவால் நடக்கலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும். விளைவு நேர் எதிர். மடுவில் ஊத்தாவோடு இறங்குபவர்களை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். ராத்திரியில் பேட்டரியோடு வந்து கரண்ட் வைப்பவர்களும் தோட்டா போடுபவர்களும்தான் மடுவை ஒரே மூச்சில் காலி செய்கிறார்கள். தோட்டா வெடித்தால் பெரிய மீன் மிதக்கும், எடுத்துக்கொள்வார்கள். அதே வெடியில் செத்து அடியில் படியும் குஞ்சுக்கும் புழுவுக்கும் நத்தைக்கும் கணக்கே கிடையாது. 1897இலிருந்து குற்றமாக இருக்கும் ஒரு காரியம் இன்றும் நடக்கிறது என்றால், சட்டப் புத்தகம் போதவில்லை, கரையில் ஆள் வேண்டும் என்றுதான் பொருள்.

விராலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆடி, ஆவணியில் கோரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் இடையே செந்நிறக் குஞ்சுகள் ஒரு பந்தாகத் திரண்டு தண்ணீரின் மேல்மட்டத்தில் கொதிப்பது போலத் தெரியும். அதற்கு நேர் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தூண்டிலை விட்டால் காவல் மீன் பாய்ந்து கவ்வும். பசியால் இல்லை, குஞ்சைக் காப்பாற்ற. வளர்ந்த மீனைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை என்பது தூண்டில்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். காவல் போன அரை நாளில் மற்ற மீன்கள் அந்தச் செந்நிறப் பந்தைத் தின்று தீர்த்துவிடும்.

கடலில் நாம் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகக்கூடாது. அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகையும் தருகிறது. உறையூர் காசிவிளங்கி மார்க்கெட்டில் அந்த இரண்டு மாதம் விலை ஏறும்போது வாங்குகிறவர்களும் முனகிக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆற்றுக்கு அப்படி ஊரறிந்த ஒரு விடுமுறை இல்லை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மீன்கள் புதுத்தண்ணீரில் வயலுக்கு ஏறும். வழிமறித்து அவற்றைப் பிடிப்பது அங்கே பெரிய கொண்டாட்டமாகவே இருந்தது. 2010இல் வந்த உள்நாட்டு மீன்வளச் சட்டத்தால் முட்டையிட ஏறும் மீனை மறித்துப் பிடிப்பது குற்றமானது. கொண்டாட்டமாக இருந்த ஒன்றையும் நிறுத்தச் சொல்லத் துணிந்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எல்லா மீன்பிடித் திருவிழாவும் மீனுக்கு நல்லது செய்வதில்லை. உத்தராகண்டில் முசோரிக்குப் பக்கத்தில் அக்லார் ஆற்றில் ஜூன் கடைசியில் மௌன் விழா நடக்கிறது. தேஹ்ரி மன்னர் காலத்தில் தொடங்கியது. திம்ரு மரப்பட்டைப் பொடியை ஆற்றில் கொட்டி, மயங்கிய மீன்களை ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கிப் பிடிப்பார்கள். பொடி செடியிலிருந்து வந்தது, சில மணி நேரத்தில் கரைந்துபோகும் என்கிறார்கள். ஆனாலும் பருவமழைக்கு முந்தைய நாளில், முட்டை சுமக்கும் மீன்களின் நடுவே நடப்பது என்னை உறுத்துகிறது. நைஜீரியாவின் ஆர்குங்கு விழா வேறு மாதிரி. 1934இல் சோகோட்டோ சுல்தானின் வருகையை ஒட்டி, பழைய பகை தீர்ந்ததன் அடையாளமாகத் தொடங்கிய அந்த விழாவை 2016இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கைவலையும் பெரிய சுரைக்குடுக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆற்றில் குதிக்கிறார்கள். அந்த ஆற்றுப் பகுதியைக் காத்து வருவதற்குத் தண்ணீர்த் தலைவர் என்ற பதவியே தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்திடம் இருக்கிறது. விழாவின் உயிர் அந்தப் பதவியில்தான் இருக்கிறது என்பேன். அவர் காத்த தண்ணீரில்தான் அந்த ஒரு நாள் கூட்டம் இறங்குகிறது.

நம் காவிரியிலேயே இன்னொரு பழைய வழி இருக்கிறது. கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்து ராமநாதபுரத்தில் கோயில் படித்துறையை ஒட்டிய ஆற்று மீன்களை யாரும் தொடுவதில்லை. சாமியின் மீன் என்று பொரி போடுகிறார்கள். துங்கைக் கரையில் சிருங்கேரியிலும் அப்படித்தான். பெரிய பெரிய பொம்மீன்கள் படிக்கட்டு வரை வந்து வாய் திறக்கும். கோயில் ஒன்று ஆற்றின் நூறு இருநூறு அடியைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இவை கண்ணெதிரே இருக்கும் சான்று. ஸ்ரீரங்கத்தில் ஆடிப்பெருக்கை ஒட்டி நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். அவர் சார்பில் காவிரித் தாய்க்குப் பட்டும் மாலையும் மங்கலப் பொருளுமாகச் சீர்வரிசை ஆற்றில் விடப்படுகிறது. காவிரியைக் கர்ப்பிணியாகப் பாவித்து விதவிதமான சோறு ஆக்கிக் கரையில் படைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. புதுவெள்ளத்தில் மீன்கள் உண்மையிலேயே முட்டையோடு ஏறும் மாதம் அதுதான். நம் சடங்கு தெரிந்து வைத்திருக்கும் பருவத்தை நம் நிர்வாகம் தெரிந்து வைத்திருக்கவில்லை.

ஆகவே திருச்சியில் ஆற்று மீனுக்கு விழா எடுத்தால் அதற்கு உரிய நாள் ஆடி 18. அன்று ஆற்றில் ஒருவரும் மீன் பிடிக்கக்கூடாது; அதுவே விழா. ஆடி முதல் தேதியிலிருந்து ஆவணி கடைசிவரை முக்கொம்பு முதல் கல்லணை வரை இரண்டு ஆற்றிலும் வலை இறங்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டின் நடுநாயகமாக அந்த நாள் இருக்க வேண்டும். பரிசல் மீனவர்களின் வயிற்றில் அடித்து இதைச் செய்யக்கூடாது. கடலோரத்துக்குக் கொடுக்கும் நிவாரணத்தை ஆற்று மீனவர்களுக்கும் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்கு மடுக்காவலையும் மீன் கணக்கெடுப்பையும் கூலி கொடுத்து அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். எந்த வலையில் எந்த மீன் எந்த மாதத்தில் குறைந்தது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

விழாவென்றால் குஞ்சு விடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரிய மனிதர்கள் படித்துறையில் நின்று பாலிதீன் பையைக் கவிழ்ப்பார்கள், படம் எடுப்பார்கள். விடுவது என்ன மீன் என்று கேட்க வேண்டும். கோதாவரியிலும் கங்கையிலும் பிறந்த இனத்தைக் காவிரியில் விட்டால் அது காவிரி மீனுக்குப் போட்டியாளரைக் கொண்டுவந்து விடுவதாகும். கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை, சேல் என்று இந்த ஆற்றின் இனங்களைத்தான் விட வேண்டும். அவையும் காவிரித் தாய்மீன்களிலிருந்தே எடுத்த குஞ்சாக இருக்க வேண்டும். 2000ஆவது ஆண்டிலேயே வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும், வீட்டுத் தொட்டி சுத்தம் செய்ய வாங்கி அலுத்துப்போய் ஆற்றில் கொட்டும் டேங்க் கிளீனர் மீனும் இதே தண்ணீரில் சுற்றுகின்றன. வேண்டாத மீனை ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் என்றதும் மேலூர் நினைவுக்கு வருகிறது. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில், இரண்டு ஆற்றுக்கும் நடுவே, 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு விடுமுறை நாட்களில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். எந்தச் செடியில் எந்தப் பூச்சி முட்டையிடும் என்று கற்றுக்கொண்டு போகிறார்கள். அந்தப் பூங்காவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓடும் ஆற்றின் பத்து மீன்களைப் பெயர் சொல்லிக் காட்டும் கண்ணாடித் தொட்டிகளை அங்கேயே வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கருமுழிக் கெண்டையின் கருத்த கண்ணை ஒரு பிள்ளை நேராகப் பார்த்துவிட்டால், பிற்பாடு அந்தப் பிள்ளை ஆற்றங்கரையில் தோட்டாச் சத்தம் கேட்டு மௌனமாகப் போகமாட்டாள் என்று நம்புகிறேன்.

சாப்பிடுவதைப் பற்றி எனக்குத் தயக்கம் இல்லை. மீனைக் கொண்டாடிவிட்டு அதைச் சாப்பிடுபவரைக் குற்றவாளி ஆக்குவதை நான் ஏற்கமாட்டேன். கல்லணைக் கடைகளில் வறுத்த மீனின் மணம் அந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று. அயிரைக் குழம்புக்காக மதுரை வரை போகிறவர்கள் நம்மிடையே உண்டு. விழாவுக்கு ஒரு விருந்து வேண்டும் என்றால் அதை மணப்பாறைப் பக்கத்துக் குளக்கரையில், சித்திரையில், ஊத்தாவோடு வைத்துக்கொள்ளலாம். திருச்சி நகரத்தவர்கள் அந்த ஊர்களுக்குப் போய், கரையில் நின்று, துண்டு வீசும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். முப்பது ஊர்ச் சனம் மீன் புரளும் தண்ணீரின் ஓரத்தில் விடிய விடியப் பொறுமையாக உட்கார்ந்திருப்பதை நேரில் பார்க்காமல், ஆற்றுக்கு அப்படி ஓர் ஒழுங்கு சாத்தியம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

செய்ய வேண்டியவற்றில் முதல் வேலை சின்னது. முக்கொம்பிலிருந்து கல்லணை வரை காவிரியிலும் கொள்ளிடத்திலும் கோடையில் தண்ணீர் நிற்கும் மடுக்கள் எவை, எவ்வளவு ஆழம், எந்த மாதம்வரை நிற்கும், எந்தப் பெயரால் மீனவர்கள் அவற்றை அழைக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். மீனவர் சங்கங்களும் மீன்வளத் துறையும் ஷட்டர் சாவியை வைத்திருக்கும் நீர்வளத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அந்தப் பட்டியலில் இருந்து எட்டோ பத்தோ மடுக்களைத் தை மாதக் கடைசியிலிருந்து மேட்டூர் திறக்கும் நாள்வரை தொடாத மடுக்களாக அறிவிக்க வேண்டும். மேட்டூர் தள்ளிப்போகும் ஆண்டில், அந்த மடுக்கள் வற்றிப்போகாத அளவுக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பதையும் அதே மேசையில் எழுதி வைக்க வேண்டும். குளத்தங்கரைப் பெரியவர் கையில் ஒரு துண்டு இருக்கிறது. இந்தப் பட்டியல்தான் ஆற்றுக்கு அந்தத் துண்டு.